தண்ணீர் மாற்றினால் சாகிற மீன்கள்

மேடவாக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டு மீன் தொட்டியில் ஒரு விஷயம் மாறாமல் நடந்துகொண்டிருந்தது. ஆடி, கொலு என்று வீட்டுக்கு ஆட்கள் வரும் சமயத்தில் தொட்டியை நன்றாகச் சுத்தம் செய்து பாதித் தண்ணீரை மாற்றினால், மறுநாள் விடிவதற்குள் பல மீன்கள் செத்து மிதக்கும். சுத்தம் செய்யாமல் விட்டால் எல்லாம் உயிரோடு இருக்கும். அக்காவின் முடிவு தெளிவானது: மோட்டார் போட்டு வரும் போர் தண்ணீர் மீனுக்கு விஷம்.

கேட்கிறவர்களுக்கு அது நியாயமாகத்தான் படும். உள்ளே போனது போர் தண்ணீர், அதற்குப் பிறகுதான் சாவு. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நான் பெரம்பூரில் வருடக்கணக்கில் போர் தண்ணீரிலேயே கப்பி, மோலி மீன்கள் வளர்க்கிறேன். கொளத்தூரில் வண்ண மீன் வளர்க்கிறவர்கள் பலருக்கும் நிலத்தடி நீர்தான் ஆதாரம். போர் தண்ணீர் கடினமானது, கண்ணாடியில் வெள்ளையாகப் படியும், செடிகள் சரியாக வராது. ஆனால் ஒரே இரவில் மீனைக் கொல்லும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

இதற்குள் அக்காவுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லியிருந்தார்கள். கடைக்காரர் நோய் என்று சொல்லி மெத்திலீன் புளூ கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மா, வீட்டுக்கு வரவிருந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டது, நல்லதுதான் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். அந்த ஆறுதல் அக்கா மகனுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது, ஒவ்வொரு மீனுக்கும் பெயர் வைத்திருந்தவன் அவன். ஆனால் காரணம் தெரியாமல் புது மீன் வாங்கி விட்டால் அதுவும் சாகும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் சோதனைக் கிட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மூன்றடித் தொட்டி, கூழாங்கல் போக மிச்சம் சுமார் 130 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஏஞ்சல், நியான் டெட்ரா, மோலி, ஒரு சக்கர் மீன். ஒரு பவர் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. தெளிவுக்கும் நலத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை மீன் வளர்க்கிற எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மீனின் கழிவிலிருந்து சேரும் அம்மோனியா என்ற நஞ்சுக்கு நிறம் கிடையாது.

தொட்டியைத் தொடுவதற்கு முன் அக்காவை உட்கார வைத்துக் கேள்வி கேட்டேன். எப்போது செத்தது, எது முதலில் செத்தது, எல்லாம் சேர்ந்தா ஒவ்வொன்றாகவா, அதற்கு முந்தைய நாள் தொட்டிக்குள் என்ன போயிற்று, அந்த அறைக்குள் என்ன நடந்தது. சோதனைக் கிட் சொல்வதில் பாதியை இந்தக் கேள்விகளே சொல்லிவிடும் என்பது என் அனுபவம்.

ஒவ்வொன்றாக, நாள்கணக்கில் இடைவெளி விட்டுச் சாகிறது, உடலில் வெள்ளைப் புள்ளியோ அரித்த துடுப்போ தெரிகிறது என்றால் நோயைத் தேடலாம். நேற்று வரை நன்றாகத் தின்றுகொண்டிருந்த மீன்கள், வேறு வேறு இனங்கள், ஒரே இரவில் சாகின்றன என்றால் கோளாறு தண்ணீரில். அந்த இடத்தில் மருந்து ஊற்றுவது நேரத்தை வீணாக்கும். சில மருந்துகள் ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கெடுக்கும்.

கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றிருக்குமோ என்று பார்த்தேன். ஆக்சிஜன் குறைந்தால் பெரிய மீன்கள்தான் பெரும்பாலும் முதலில் திணறும், விடியற்காலையில்தான் அதிகம் நடக்கும், எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கோடையில் இது இன்னும் மோசம், ஏனென்றால் 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும் ஆக்சிஜன் 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். ஆனால் அக்கா வீட்டில் பெரிய ஏஞ்சல்கள் ஓரளவு தப்பின. டெட்ராவும் மோலியும்தான் போயின. கரண்டும் போகவில்லை.

கொசு மருந்தையும் கேட்டேன். இதை நம் வீடுகளில் யாரும் சந்தேகப்படுவதே இல்லை. பிளக்கில் சொருகும் கொசு திரவங்களில் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. மனிதர்களுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத அளவே மீனுக்குக் கடும் நஞ்சு. மூடிய படுக்கையறையில் இரவு முழுக்க அது எரிய, ஏர் பம்ப் அதே காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் குமிழி விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தொட்டி படுக்கையறையில் இருப்பவர்கள் தயவுசெய்து ஏர் பம்பை வெளியே வைத்துக் குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். அக்கா வீட்டில் தொட்டி ஹாலில், கொசு திரவம் உள்ளறையில், கதவு மூடியிருக்கும். தினமும் எரிகிறது, சாவு மட்டும் சுத்தம் செய்த நாளில் வருகிறது. எனவே அதுவும் இல்லை.

குளோரினுக்கும் வழியில்லை. அந்தத் தெருவுக்கு மெட்ரோ வாட்டர் இணைப்பு இன்னும் வரவில்லை. அடுக்ககத்தின் மாடித் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்களா என்று காவலாளியிடம் கேட்டேன், கழுவிப் பல மாதம் ஆகிறது என்றார். கேட்டுவைப்பது நல்லது. தொட்டி கழுவிய மறுநாள் குழாய்த் தண்ணீரை மீனுக்கு ஊற்றிப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் சமையலறைச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டர் கண்ணில் பட்டது. அக்கா அதில் எல்லாவற்றையும் குறிப்பாள். கேஸ் வந்த நாள், பால் வாங்காத நாள், கேன் தண்ணீர் எத்தனை. சில மாதங்களுக்கு முன் வரை வாரத்துக்கு இரண்டு என்றிருந்த கேன் கணக்கு திடீரென மூன்றாகியிருந்தது. அந்த ஒரு கேன் யாருக்கு என்று கேட்டேன். “மீனுக்குத்தான்டா. போர் தண்ணி கண்ணாடியில வெள்ளையா படியுதேன்னு வாராவாரம் கேன் தண்ணிதான் ஊத்துறேன். பெருசா கழுவுற அன்னிக்கு மட்டும் அத்தனை கேனுக்கு எங்க போறது? மோட்டார் தண்ணிதான்” என்றாள்.

மீன் மேல் இருந்த அக்கறையில், குடிக்கிற தண்ணீரையே கொடுத்திருக்கிறாள். எனக்கு அங்கேதான் நூல் கிடைத்தது.

கேன் தண்ணீர் என்பது பெரும்பாலும் ஆர்.ஓ. செய்த தண்ணீர். நமக்குக் குடிக்க நல்லது, ஆனால் அதில் கார்பனேட் உப்புகள் அநேகமாக இல்லை. மீன் வளர்ப்பவர்கள் கே.எச். என்று அளப்பது அந்தக் கார்பனேட்டைத்தான். தொட்டித் தண்ணீர் அமிலமாகிப் போகாமல் காப்பது அது.

முதலில் கடையில் கொடுத்த பட்டைச் சோதனையை (தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டை) அக்கா செய்து வைத்திருந்தாள். நைட்ரைட், அதாவது அம்மோனியா மாறும்போது உண்டாகும் இன்னொரு நஞ்சு, பூஜ்யம். அதைப் பார்த்துத்தான் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பட்டையில் அம்மோனியாவுக்குக் கட்டமே இல்லை. இந்த மாதிரிப் பட்டைகள் பலவற்றிலும் அப்படித்தான்.

நான் சொட்டு மருந்துக் கிட்டில் சோதித்தேன். அம்மோனியா குழாய் கரும்பச்சையாக மாறியது. 8 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 8 மில்லிகிராம். அட்டையில் அதற்கு மேல் நிறமே கிடையாது. பி.எச். (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) குழாய் அட்டையின் அடிமட்ட நிறத்தில் நின்றது, அதாவது 6 அல்லது அதற்கும் கீழே. கே.எச். சோதனையில் முதல் சொட்டுக்கே மஞ்சளாகிவிட்டது, என்றால் ஒன்றுகூட இல்லை. நைட்ரைட் மறுபடியும் பூஜ்யம்.

அந்த அறையில் மீன்கள் அமைதியாக நீந்திக்கொண்டிருந்தன. 8 பி.பி.எம். அம்மோனியாவில் எப்படி உயிரோடு இருக்கின்றன என்பதுதான் இந்த வழக்கின் மையம்.

மீன் தன் உடம்பின் அம்மோனியாவைச் செவுள் வழியாக வெளியே விடுகிறது. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி இன்னும் கொஞ்சம் சேர்க்கும். நல்ல தொட்டியில் ஃபில்டர் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்த வேலையில் அமிலம் உண்டாகும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறக்குறைய 7 மில்லிகிராம் கார்பனேட் காரத்தன்மை செலவாகிவிடும். போர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரை அந்தச் செலவு ஈடாகிக்கொண்டிருந்தது. கேன் தண்ணீருக்கு மாறியதும் செலவு மட்டும் தொடர்ந்தது, வரவு நின்றுவிட்டது. கார்பனேட் தீர்ந்ததும் பி.எச். சரிந்தது. ஆறரைக்குக் கீழே போகப்போக அந்த பாக்டீரியாவின் வேலை மந்தமாகும், 6ஐ ஒட்டி ஏறக்குறைய நின்றே போகும். வேலை நின்றதால் அம்மோனியா சேர்ந்தது, நைட்ரைட் உண்டாகவே இல்லை. பட்டையில் தெரிந்த அந்தப் பூஜ்யம் ஃபில்டர் செயலிழந்ததன் அடையாளம்.

சரி, மீன் ஏன் சாகவில்லை? தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அம்மோனியம், பெரிய தீங்கு செய்யாது. மற்றது தனி அம்மோனியா, செவுளைப் பொசுக்குவது இதுதான். எது எவ்வளவு என்பதை பி.எச்.சும் வெப்பமும் தீர்மானிக்கும். 30 டிகிரியில், பி.எச். 6 என்றே வைத்துக்கொண்டாலும், மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது. அதனால் 8 பி.பி.எம். இருந்தும் மீன் நீந்தும்.

இப்போது அதில் பாதியை எடுத்துவிட்டுப் போர் தண்ணீர் ஊற்றுவோம். இதை மீனை வைத்துச் செய்து பார்க்க வேண்டியதில்லை, ஒரு பக்கெட் போதும். அரை பக்கெட் தொட்டித் தண்ணீர், அரை பக்கெட் போர் தண்ணீர், கொஞ்ச நேரம் காற்றுக் குமிழி விடும் ஏர் கல் போட்டுக் கலக்கிவிட்டு அளந்தேன். அம்மோனியா 4, சரியாகப் பாதி. பி.எச். 7.8. அந்த பி.எச்.சில் நூறில் ஐந்து பங்கு நஞ்சாகிவிடும். கணக்குப் போட்டால், முன்பு லிட்டருக்கு 0.0065 மில்லிகிராம் இருந்த தனி அம்மோனியா இப்போது 0.2. பாதி அம்மோனியாவை வெளியே கொட்டிய பிறகும் நஞ்சு 30 மடங்கு ஆகிவிட்டது! 0.05க்கு மேல் போனாலே செவுள் கெடத் தொடங்கும் என்பது மீன் வளர்ப்பவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் எல்லை. இதோடு பி.எச்.சும் உப்பளவும் சில நிமிடத்தில் எகிறிய அதிர்ச்சி வேறு.

அந்தப் போர் தண்ணீரைத் தனியாகவும் சோதித்தேன். அம்மோனியா இல்லை, கே.எச். 14, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் மொத்த உப்பு) 900க்குப் பக்கம். நல்ல, கடினமான, சாதாரணப் போர் தண்ணீர். இங்கே ஒரு விஷயம். போரிலிருந்து அப்போதே பிடித்த தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு நிறைய இருக்கும், அதனால் பி.எச். குறைவாகக் காட்டும். ஒரு நாள் காற்றோட்டமாக வைத்துவிட்டு அளந்தால்தான் உண்மையான எண் தெரியும். இந்தத் தண்ணீருக்குப் பிடித்தவுடன் 7.2, மறுநாள் 8.1.

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ கடையிலிருந்து வாங்கிட்டு வந்த அன்னிக்கே மோலி செத்துச்சே, அது?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. கடையில் மோலி இருந்தது கடினத் தண்ணீரில், 8ஐ ஒட்டிய பி.எச்.சில். அங்கிருந்து நேராக 6க்கும் கீழே உள்ள, உப்பே இல்லாத தண்ணீரில் விட்டால் அது தாங்காது. தப்பிய மோலிகள் இருந்த இடத்திலேயே நின்று உடம்பை அசைத்து அசைத்து நடுங்கும். மோலி அப்படி நடுங்கினால் நான் முதலில் கே.எச். பார்ப்பேன். தொட்டியில் மாதக்கணக்கில் இருந்த மீன்கள் மெல்ல மெல்லப் பழகிவிட்டதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழையது இருக்கிறது, புதியது சாகிறது என்றதும் கடைக்காரர் நோய் மீனைக் கொடுத்துவிட்டார் என்றுதான் யாருக்கும் தோன்றும். பல சமயம் அவர் கொடுத்தது நல்ல மீன்தான்.

செத்த மீனின் செவுளைத் திறந்து பார்ப்பதும் உதவும். மார்க்கெட்டில் வஞ்சிரத்துக்குப் பார்ப்போமே, அதே இடம். நைட்ரைட்டால் செத்ததென்றால் ரத்தம் பழுப்பாகி செவுளும் பழுப்பாக இருக்கும். அம்மோனியா என்றால் வீங்கிச் சிவந்து சளி படிந்திருக்கும். ஆனால் செத்தவுடன் பார்க்க வேண்டும். இரவெல்லாம் மிதந்த மீனின் செவுள் எதனால் செத்தாலும் வெளுத்துத்தான் கிடக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

சரிசெய்த விதத்தை விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் வரிசை மாறினால் மீன் போய்விடும். பி.எச். குறைவாக இருக்கிறது என்றதும் ஆப்ப சோடா போடுவதும், கடையில் விற்கும் பி.எச். கூட்டும் சொட்டு ஊற்றுவதும் இந்த நிலையில் கொலைக்குச் சமம். பாதித் தண்ணீர் மாற்றம் செய்த அதே வேலையை அவையும் செய்யும். முதலில் அம்மோனியா இறங்க வேண்டும், பி.எச். இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். அதற்கு அந்தக் கேன் தண்ணீரே சரியான மருந்து. ஒரு வாரம் போல, தினமும் இரண்டு கேன் அளவு, அதாவது 40 லிட்டர் எடுத்து, அதே அளவு கேன் தண்ணீர் மெதுவாக ஊற்றச் சொன்னேன். தீனி அடியோடு நிறுத்தம். அக்கா மகனுக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. வளர்ந்த மீன் சில நாள் பட்டினி தாங்கும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தோம். அத்தான் கேன் செலவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தினமும் தூக்கி வந்து வைத்தார்.

அம்மோனியா ஒன்றுக்குக் கீழே வந்த பிறகு போர் தண்ணீரைச் சேர்க்கத் தொடங்கினோம். தினமும் 10 லிட்டர் எடுத்துவிட்டு, ஒரு நாள் வைத்திருந்த போர் தண்ணீர் 10 லிட்டர், மக் மக்காக, ஒரு மணி நேரத்தில். 14 கே.எச். உள்ள தண்ணீர் என்பதால் தினமும் தொட்டியில் ஒரு எண் போல ஏறும். அக்கா காலண்டரில் கேன் கணக்குக்குக் கீழேயே அம்மோனியா, பி.எச்., கே.எச். மூன்றையும் எழுதிப் போட்டோ அனுப்பினாள். கே.எச். 3ஐத் தாண்டிய சமயத்தில் நைட்ரைட் லேசாகத் தலைகாட்டியது. அவள் பயந்துபோய் போன் செய்தாள். எனக்கோ நிம்மதி, பாக்டீரியா மறுபடி வேலைக்கு வந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. போர் தண்ணீரின் உப்பில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதை ஓரளவு தடுக்கும் என்பதால் அதற்கென்று தனியாக எதுவும் சேர்க்கவில்லை. அதுவாக இறங்கியது.

இப்போது வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றுகிறார்கள். ஒரு பங்கு போர் தண்ணீருக்கு இரண்டு பங்கு கேன் தண்ணீர், கே.எச். 5ஐ ஒட்டி நிற்கிறது. டெட்ராவுக்கும் ஏஞ்சலுக்கும் அது போதும். மோலிக்கு இன்னும் கடினம் பிடிக்கும், ஆனால் நடுக்கம் நின்று குட்டி போட ஆரம்பித்துவிட்டது. போர் தண்ணீரே கிடைக்காமல் முழுக்க ஆர்.ஓ. தண்ணீரை நம்பி இருப்பவர்கள், 50 லிட்டர் புதுத் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா கரைத்துச் சேர்க்கலாம், கே.எச். நான்கு போல வரும். அல்லது நன்றாகக் கழுவிய கிளிஞ்சலை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் போடலாம், மெதுவாகக் கரைந்துகொண்டே இருக்கும். இரண்டுமே தொட்டியில் அம்மோனியா இல்லாதபோது மட்டும்.

தண்ணீர் மாற்றினால் மீன் சாகிறது என்று சொல்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் எல்லோருமே பயந்துபோய் தண்ணீர் மாற்றுவதைக் குறைத்துவிடுகிறார்கள், அடுத்த முறை இன்னும் அதிகமாகச் சாகிறது. வெளியேயிருந்து வரும் தண்ணீரைத் திட்டுவதற்கு முன், தொட்டியில் ஏற்கெனவே நிற்கும் தண்ணீரில் அம்மோனியாவும் பி.எச்.சும் பாருங்கள். இரண்டு தண்ணீருக்கும் பி.எச். ஒன்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பாதி மாற்றாதீர்கள், பத்தில் ஒரு பங்கு மாற்றிவிட்டு மறுநாள் மறுபடி அளந்து பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மேடவாக்கம் பக்கம் நிலத்தடி நீரின் உப்பு நன்றாகக் குறையும். அப்போது இதே ஒன்றுக்கு இரண்டு கணக்கு சரிவராது. டிசம்பரில் போர் தண்ணீரின் கே.எச்.சை மறுபடி எடுத்துவிட்டுப் பங்கை மாற்றிக்கொள்ள அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். கிட்டையும் அவளிடமே விட்டுவிட்டு வந்தேன்.